வைடூரியம்: ஒரு பெயர், பல கற்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவரத்தினங்களில் பெயர்க் குழப்பம் மிகுந்த கல் எது என்றால் வைடூரியத்தைத்தான் சொல்வேன். வடமொழி நூலில் ஒரு கல், இன்றைய மோதிரத்தில் வேறு கல், சீனக் கூரையில் ஓடு, ஜெர்மானியர் மூக்கின் மேல் கண்ணாடி. இத்தனையும் ஒரே சொல்லின் கிளைகள். அந்தச் சொல்லைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

வைடூரியம் என்றால் இன்று எந்தக் கல்?

பூனைக்கண். கனிமவியல் பெயரில் சொன்னால் கிரிசோபெரில் வகையைச் சேர்ந்த கல். தேன் நிறத்திலோ பச்சை கலந்த மஞ்சளிலோ இருக்கும். கல்லைத் திருப்பினால் நடுவே வெள்ளைக் கோடு ஒன்று பூனையின் கண்மணி போல நகரும். கல்லுக்குள் இணையாகப் படிந்திருக்கும் மிக நுண்ணிய ஊசிகளும் குழல்களும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வரும் கோடு அது. பட்டை தீட்டினால் கோடு தெரியாது. அதனால்தான் இந்தக் கல்லை எப்போதும் மேற்புறம் குவிந்த வழவழப்பான வடிவத்தில் தேய்க்கிறார்கள்.

பழைய நூல்களில் வரும் வைடூரியமும் இதுதானா?

பெரும்பாலும் இல்லை. பழைய வைடூரியம் முதன்மையாக பெரில் என்ற வேறொரு கனிமம். கடல்நீர் நிறத்தில் இருந்தால் அதற்கு இன்று அக்வாமரின் என்று பெயர். ஆழ்ந்த பச்சையில் இருந்தால் மரகதம்.

இதற்கு நல்ல சாட்சி கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். கருவூலத்துக்கு வரும் மணிகளைச் சோதிக்கும் பகுதியில் வைடூரியத்தின் வகைகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன: குவளை நிறம், வாகைப்பூ நிறம், நீர் நிறம், மூங்கில் நிறம், கிளியிறகு நிறம் என்று பட்டியல் போகிறது. நீலம், பச்சை, நிறமற்ற தெளிவு எல்லாம் ஒரே கல்லுக்கு. பெரிலைக் கையில் வைத்துப் பார்த்தவர்தான் இப்படி எழுத முடியும். பூனைக்கண்ணின் அடையாளமே அந்த நகரும் கோடு. பட்டியலில் அதைப் பற்றி மூச்சே இல்லை.

ஆனால் அதே பட்டியலின் கடைசியில் புஷ்யராகம், கோமூத்திரகம், கோமேதகம் என்ற பெயர்களும் வருகின்றன. பின்னாளில் தனி ரத்தினங்களாக எண்ணப்பட்ட புஷ்யராகமும் கோமேதகமும் அன்று வைடூரியத்தின் உட்பிரிவுகள். அக்காலத்து வணிகர்கள் கற்களைப் பிரித்தது முதலில் நிறத்தாலும் ஒளியாலும்தான். வேதியியல் வந்து கற்களை வீடு மாற்றி வைத்தது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்.

சிலப்பதிகாரத்தில் வருவது எந்தக் கல்?

மதுரையின் ரத்தினக் கடைத்தெருவைக் கோவலன் சுற்றிப் பார்க்கும் ஊர்காண் காதையில், ‘தீதறு கதிரொளித் தெண்மட்டு உருவவும்’ என்று ஓர் அடி. உரைகாரர்கள் இதை வைடூரியம் என்கிறார்கள். மட்டு என்றால் தேன், கள். குற்றமற்ற கதிரொளியும் தெளிந்த தேனின் நிறமும் கொண்ட கல் என்று பொருள்.

இங்கே கல்லின் நிறம் பச்சையிலிருந்து தேனுக்கு வந்துவிட்டதைக் கவனியுங்கள். இது பொன்னிற பெரிலாகவும் இருக்கலாம், தேன் நிறப் பூனைக்கண்ணாகவும் இருக்கலாம். கோடு பற்றிய பேச்சு இல்லாததால் நான் முதலாவதன் பக்கம் கொஞ்சம் சாய்வேன். ஆனாலும் ‘கதிரொளி’ என்ற சொல் என்னை முழுதாகச் சாய விடுவதில்லை.

வைடூரியம் என்ற சொல்லின் மூலம் என்ன?

வடமொழி இலக்கண மரபு சொல்லும் விளக்கம் எளிது. ‘விதூர’ என்ற இடத்திலிருந்து வந்தது ‘வைதூர்ய’ என்கிறது பாணினியின் சூத்திரம். விதூர என்றால் மிகத் தொலைவு. ஆகவே ‘தொலைதூரத்துக் கல்’ என்றும் சிலர் பொருள் கொள்கிறார்கள்.

ஆனால் பாணினிக்கு உரை எழுதிய பதஞ்சலிக்கே இதில் ஓர் உறுத்தல் இருந்தது. அந்தக் கல் விதூரத்தில் விளைவதில்லையே, வாலவாயம் என்ற மலையில் அல்லவா கிடைக்கிறது, விதூரத்தில் அதைத் தீட்ட மட்டும்தானே செய்கிறார்கள் என்று கேள்வி எழுப்புகிறார். சூத்திரத்தைக் காப்பாற்ற அவர் தரும் சமாதானங்களுள் ஒன்று சுவையானது: வாராணசியை வணிகர்கள் ‘ஜித்வரி’ என்று சொல்வதில்லையா, அதைப் போல வாலவாயத்தை இலக்கணக்காரர்கள் விதூரம் என்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விளையும் ஊர் ஒன்று, பட்டறை ஊர் ஒன்று, கல்லுக்குப் பெயர் கொடுத்தது பட்டறை ஊர். வாலவாயத்தில் பிறந்தது என்ற பொருளில் ‘வாலவாயஜம்’ என்ற பெயரும் வடமொழி அகராதிகளில் இந்தக் கல்லுக்கு உண்டு.

அப்படியானால் வடமொழிச் சொல் என்று முடிவு செய்துவிடலாமா?

அவசரம் வேண்டாம். ஓர் எழுத்து இடிக்கிறது. விதூர என்பதில் உள்ளது தகரம். வழக்கில் பரவலாக உள்ள வடிவமோ டகரம் கொண்ட வைடூர்ய. தமிழிலும் நாம் வைதூரியம் என்று எழுதுவதில்லை, வைடூரியம் என்றுதான் எழுதுகிறோம். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் இந்தச் சொல் ‘வேளுரிய’. வடமொழியில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் டகரம் பாலியில் ளகரமாக ஒலிப்பது வழக்கம். தகரம் அப்படி ஆவதில்லை. எனவே மூலச் சொல்லில் இருந்தது ட அல்லது ள போன்ற நாமடி ஒலி. விதூரம் என்ற விளக்கம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது போலத் தெரிகிறது. மக்கள் பேச்சில் இருந்த சொல்லை வடமொழி தன் ஒலிமரபுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டது என்பதே மொழியியலாளர் பலரின் கருத்து.

பிறகு தமிழ்ச் சொல்லா?

திராவிடச் சொல்லாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டு விளக்கங்களைப் புகழ்பெற்ற ஆங்கில அகராதிகளே தருகின்றன. ஒன்று, ‘வெளிறு’ என்ற தமிழ் வினையோடு உறவு. வெளிறிய, மங்கிய நிறக் கல் என்று பொருள். மற்றொன்று, வேளூர் என்ற ஊர்ப்பெயர். இன்றைய கர்நாடகத்தின் பேலூரை அதற்குச் சுட்டுகிறார்கள்.

இரண்டில் எனக்கு ஊர்ப்பெயர் பிடிக்கிறது. கற்களுக்கு ஊர்ப்பெயர் வைப்பது உலக வழக்கம். துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போன கல் டர்க்காய்ஸ் ஆனது. செங்கடல் தீவு ஒன்றின் பெயர் டோபாஸ் ஆனது. ஆனால் பேலூரைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. அந்த ஊரின் புகழ் 12ஆம் நூற்றாண்டின் ஹொய்சளர் கோயிலோடு வந்தது. வைடூரியம் என்ற சொல்லோ அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. தென்னாட்டில் வேளூர் என்ற பெயரில் ஊர்கள் ஏராளம்.

சொல் தென்னிந்தியாவில் பிறந்தது என்பதற்கு வலுவான ஆதாரம் ஒலியைவிடப் பூமியில்தான் கிடக்கிறது. அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

தென்னிந்தியாவில் இந்தக் கல் உண்மையிலேயே கிடைத்ததா?

கிடைத்தது. காங்கயம் அருகே உள்ள படியூர் பெரில் சுரங்கத்துக்குப் பெயர் பெற்ற ஊர். நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் பெரில், நீலக்கல், படிகம், கார்னீலியன் மணிகளும், செய்துகொண்டிருக்கும்போதே உடைந்த மணிகளும், கழிவுச் சில்லுகளும் கிடைத்தன. அங்கே கல் விற்றார்கள் என்பதற்கு மேல், அங்கேயே அறுத்து, தேய்த்து, துளையிட்டார்கள் என்பதற்கு அந்தச் சில்லுகளே சான்று. பதிற்றுப்பத்து இந்த ஊரைக் கொடுமணம் என்று குறிப்பிட்டு, ‘கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்’ என்று அதன் வேலைப்பாட்டைப் புகழ்கிறது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் தாலமி எழுதிய புவியியல் நூலில் ‘பெரில் கிடைக்கும் புன்னாட’ என்ற குறிப்பு வருகிறது. அது கர்நாடகத்தின் தென்பகுதியில் இருந்த புன்னாடு என்று அடையாளம் காண்கிறார்கள்.

கிரேக்கர் கையில் பெயர் எப்படி மாறியது?

பாலியில் வேளுரிய என்று இருந்ததைப் பிராகிருதத்தில் சிலர் ‘வேருலிய’ என்றார்கள். ளகரமும் ரகரமும் இடம் மாறிக்கொண்டன. தமிழிலும் பேச்சில் விசிறி சிவிறி ஆவது போன்ற மாற்றம்தான். கிரேக்கத்தில் இந்தச் சொல் ‘பேருல்லோஸ்’. வகரம் பகரமாயிற்று. மற்றபடி ரகரம் முன்னும் லகரம் பின்னுமாக அந்த இடம் மாறிய வடிவம் அப்படியே இருக்கிறது. கிரேக்கர் சொல்லை வாங்கியது பண்டிதரின் வைடூர்யத்திலிருந்து அல்ல, துறைமுகத்தில் பேசிய மக்கள் மொழியிலிருந்து. பேருல்லோஸ் லத்தீனில் பெரில்லுஸ் ஆகி, ஐரோப்பிய மொழிகளில் பெரில் ஆயிற்று.

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த ரோமானிய அறிஞர் பிளினி, தன் இயற்கை வரலாற்றின் 37ஆம் நூலில் இந்தக் கல்லைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பெரில் இந்தியாவில் விளைகிறது, பிற இடங்களில் அரிது. தூய கடலின் பச்சை நிறம் கொண்டதே சிறந்தது. இந்தியர்களுக்கு நீளமான பெரில்மேல் பெருவிருப்பம். தங்கத்தில் பதிக்காமல், துளையிட்டு யானைமுடியில் கோக்கிறார்கள் என்கிறார். கூடவே ஒரு குத்தலும் உண்டு: படிகத்துக்குச் சாயமேற்றிப் போலிக் கற்கள் செய்ய இந்தியர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், அதிலும் குறிப்பாகப் போலி பெரில். தொழில் எவ்வளவு பழையதோ கலப்படமும் அவ்வளவு பழையது.

மரகதமும் பெரில்தான் என்றால், அதன் பெயரும் இந்தக் குடும்பமா?

இல்லை. மரகதத்தின் பெயர் கிரேக்க ஸ்மரக்டோஸ், பாரசீக ஜமர்ருத் ஆகியவற்றின் உறவு. ஒளிர்தலைக் குறிக்கும் செமித்திய வேர் ஒன்றிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. கல்லால் ஒரே குடும்பம், பெயரால் வேறு குடும்பம். மரகதமும் பெரிலும் ஒரே இயல்புடையவை போலத் தோன்றுகின்றன என்று பிளினியே எழுதியிருக்கிறார். சோதனைச்சாலை அதை உறுதி செய்ய இன்னும் 1,700 ஆண்டுகள் ஆயின.

மூக்குக் கண்ணாடிக்கும் வைடூரியத்துக்கும் என்ன உறவு?

ஜெர்மன் மொழியில் மூக்குக் கண்ணாடி ‘பிரில்ல’. டச்சில் ‘பிரில்’. இரண்டும் பெரில்லுஸ் என்ற சொல்லின் தேய்ந்த வடிவங்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் மூக்குக் கண்ணாடி தோன்றியது. அந்தக் காலத்தில் பார்வைக்கு உதவும் வில்லைகளைத் தெளிந்த கற்களிலிருந்தும் தேய்த்தார்கள். அப்படித் தேய்த்த தெளிவான கல் எதையும் பெரில் என்றே அழைத்தார்கள். கண்ணாடி வந்து கல்லின் வேலையை எடுத்துக்கொண்ட பிறகும் பெயர் போகவில்லை. பழைய பிரெஞ்சில் மூக்குக் கண்ணாடியைக் குறித்த ‘பெசிக்கிள்’ என்ற சொல்லும் இதே கிளைதான்.

ஜெர்மானியச் சிந்தனையாளர் நிக்கோலாஸ் கூசா 1458இல் ‘பெரில் பற்றி’ என்ற பொருளில் ஒரு தத்துவ நூலையே எழுதினார். நகைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. குவிந்தும் குழிந்தும் தேய்த்த தெளிந்த கல் வழியாகப் பார்த்தால் முன்பு தெரியாதது தெரிகிறது. அறிவுக்கும் அப்படி ஒரு பெரில் வேண்டும் என்பது அவர் வாதம்.

ஒளிவீசுவதைக் குறிக்கும் ‘பிரில்லியன்ட்’ என்ற சொல் இத்தாலிய ‘பிரில்லாரே’ வழியாக வந்தது. அதற்கும் பெரிலே மூலம் என்று பல அகராதிகள் சொல்கின்றன. அது சரியென்றால் வைரத்துக்குப் போடும் பிரில்லியன்ட் வெட்டின் பெயருக்குள்ளும் வைடூரியம் உட்கார்ந்திருக்கிறது.

அரபி, பாரசீக மொழிகளில்?

அரபியில் ‘பில்லவ்ர்’, பாரசீகத்தில் ‘புலூர்’, துருக்கியில் ‘பில்லுர்’, உருதுவிலும் இந்தியிலும் ‘பில்லௌர்’. எல்லாவற்றிலும் பொருள் படிகம், அல்லது படிகம் போலத் தெளிந்த கண்ணாடி. நிறம் கழன்று, தெளிவு மட்டும் தங்கிவிட்டது.

சீனாவுக்கும் திபெத்துக்கும் போனபோது என்ன ஆயிற்று?

அங்கே பெயரைச் சுமந்து சென்றது பௌத்தம். ‘பைஷஜ்யகுரு வைடூர்யபிரபர்’ என்பது மருத்துவ புத்தரின் முழுப்பெயர். வைடூரிய ஒளி கொண்டவர் என்று பொருள். திபெத்திய ஓவியங்களில் அவர் உடல் ஆழ்ந்த நீலம். அந்த நீலம் பெரிலைவிட லாபிஸ் லாசுலி என்ற கல்லுக்கே பொருந்தும். எனவே பௌத்த நூல்களில் வரும் வைடூரியத்தை லாபிஸ் என்றே பலர் மொழிபெயர்க்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் தேசி சங்க்யே க்யாட்சோ எழுதிய புகழ்பெற்ற திபெத்திய மருத்துவ உரையின் பெயரே ‘நீல வைடூரியம்’.

சீனத்தில் ஹான் அரச மரபின் காலத்தில் ‘பிலியூலி’ என்று நுழைந்த சொல், தலை கழன்று ‘லியூலி’ ஆனது. முதலில் ரத்தினம், பிறகு நிறக் கண்ணாடி, அதன் பிறகு மெருகேற்றிய ஓடு. பெய்ஜிங் அரண்மனைக் கூரைகளில் மின்னும் மஞ்சள் ஓடுகளுக்குப் பெயர் லியூலி ஓடு. ஜப்பானில் அதே எழுத்துகளை ‘ருரி’ என்று வாசிக்கிறார்கள். லாபிஸ் கல்லுக்கும் அதன் நீல நிறத்துக்கும் அதுவே பெயர். கொரிய மொழியில் ‘யூரி’. ஜன்னல் கண்ணாடிகூட யூரிதான். விலை மதிப்பில் இந்தப் பெயர் கண்ட பெரிய சறுக்கல் இதுவாகத்தான் இருக்கும்.

தமிழ் விவிலியத்தில் வைடூரியம் வருகிறதே, அது பெரில்தானா?

இங்கேதான் வேடிக்கை. வெளிப்படுத்தின விசேஷம் 21:19-20இல் புதிய எருசலேமின் மதிலுக்கு அஸ்திவாரமாகப் பன்னிரண்டு கற்கள் சொல்லப்படுகின்றன. கிரேக்க மூலத்தில் எட்டாவது கல் பேருல்லோஸ். பரவலாக வாசிக்கப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் எட்டாவது கல் ‘படிகப்பச்சை’. வைடூரியம் பத்தாவது இடத்தில் வருகிறது. மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது கிரிசோபிரேஸ் என்ற வேறு கல்.

தென்னாட்டிலிருந்து கப்பலேறிய சொல் கிரேக்க வேதம் வழியாகத் தமிழுக்குத் திரும்பி வந்து, வாசலில் நின்றபோது யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் காலத்துத் தமிழில் வைடூரியம் என்றால் ஏற்கெனவே பூனைக்கண். பச்சைத் தெளிவு கொண்ட கல்லுக்குப் படிகப்பச்சை என்று பெயர் கட்டியது பெரிலின் தோற்றத்துக்கு மிக நெருக்கமான வேலை.

பெரிலியம் என்ற தனிமத்தின் பெயரும் இதிலிருந்துதானா?

ஆம். 1798இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி நிக்கோலா வோக்லேன், பெரிலும் மரகதமும் ஒரே பொருளா என்று ஆராய்ந்தபோது புதிய தனிமம் ஒன்றின் ஆக்சைடைக் கண்டார். அதன் உப்புகள் இனித்தன. அந்தக் காலத்தில் வேதியியலாளர்கள் எதையும் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். பெரிலியம் கூட்டுப்பொருள்கள் கொடிய நஞ்சு என்பது பின்னாளில்தான் தெரிந்தது. இனிப்பை வைத்து குளுசினியம் என்று ஒரு பெயர் பிரான்சில் நெடுநாள் வழங்கியது. பெரிலியம் என்ற பெயரே இறுதியில் நிலைத்தது. 1828இல் வோலர், புசி என்ற வேதியியலாளர்கள் தனித்தனியாக உலோகத்தைப் பிரித்தெடுத்தார்கள்.

2021 டிசம்பரில் விண்ணுக்குச் சென்ற ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதன்மைக் கண்ணாடி 18 பெரிலியத் துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டும் அறுகோணம். பெரில் படிகமும் இயற்கையில் அறுகோணத் தூணாகவே வளர்கிறது. இது வெறும் தற்செயல், ஆனாலும் பார்க்க அழகாக இருக்கிறது.

கிரிசோபெரில் என்ற பெயரில் பெரில் இருக்கிறதே, இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. கிரிசோஸ் என்றால் கிரேக்கத்தில் பொன்; ‘பொன்னிற பெரில்’ என்று பெயர் வைத்தார்கள். பெரிலில் பெரிலியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் நான்கும் உண்டு. கிரிசோபெரிலில் சிலிக்கான் கிடையாது. கடினத்தன்மையில் பெரில் 7.5 முதல் 8, கிரிசோபெரில் 8.5. பழைய வைடூரியத்தின் பெயரைச் சுமக்கும் புதிய வைடூரியம் என்பதால், பெயர் மட்டும் சுற்றி வளைத்து ஓரளவு வீடு திரும்பியிருக்கிறது என்று சொல்லலாம்.

மற்ற மொழிகளில் பூனைக்கண்ணை எப்படி அழைக்கிறார்கள்?

தாய்லாந்தில் ‘பைதூன்’, சிங்களத்தில் ‘வைரோடி’: இரண்டும் வைடூரியத்தின் மாற்று வடிவங்கள். இந்தியில் வைடூர்யம் ஏட்டுச் சொல், பேச்சில் ‘லஹசுனியா’. லஹசுன் என்றால் பூண்டு. ஐரோப்பிய மொழிகள் பலவும் பூனையின் கண்ணையே பிடித்துக்கொண்டன. எனக்கென்னவோ பூண்டு என்று சொன்னவரின் துணிச்சல் பிடித்திருக்கிறது.

வைடூரியம், பூனைக்கண் என்ற பெயரை நம்பிக் கல் வாங்கலாமா?

பெயர் போதாது. குவார்ட்ஸ், டூர்மலின், அபடைட் போன்ற பல கற்களிலும் அந்தக் கோடு வரும். கண்ணாடி இழையில் செய்த போலியிலும் வரும், அதுவும் கண்ணைப் பறிக்கும் அளவுக்குக் கூர்மையாக. ரத்தினத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: அடைமொழி இல்லாமல் பூனைக்கண் என்றால் கிரிசோபெரில் மட்டுமே, மற்றவற்றுக்குக் குவார்ட்ஸ் பூனைக்கண், டூர்மலின் பூனைக்கண் என்று கனிமப் பெயரைச் சேர்த்தே சொல்ல வேண்டும். சோதனைச் சான்றிதழில் எந்தக் கனிமத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

அப்படியானால் தமிழில் பெரிலை என்ன சொல்லி எழுதுவது?

பெரில் என்றே எழுதுங்கள். வரலாற்று நியாயம் வைடூரியத்தின் பக்கம் இருந்தாலும், இன்று அப்படி எழுதினால் வாசகர் மனத்தில் பூனைக்கண்தான் தோன்றும். பழைய நூலுக்கு உரை எழுதும்போது மட்டும் வைடூரியம் என்ற மூலச் சொல்லை வைத்துவிட்டு, பக்கத்தில் நிறத்தையும் குறியுங்கள். கிளியிறகு நிறம் என்றால் ஒரு கல், தேன் நிறம் என்றால் பெரும்பாலும் வேறு கல், ஆழ்நீலம் என்றால் ஏதோ ஒரு பௌத்த நூலைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.